பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்துபோன கடை: உரிமையாளருடன் வரும் தகராறை எப்படித் தீர்த்துக்கொள்வது?

கேள்வி கேட்டவர் மதுரையில் ரெடிமேட் ஆடைக் கடை நடத்துகிறார். 2011 முதல் அதே கடையில் இருக்கிறார். ஐந்து லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்; மாத வாடகை 28,000 ரூபாய். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி வந்தார்கள். கடைசி ஒப்பந்தம் 2021-இல் முடிந்த பிறகு புதிதாக எதுவும் எழுதவில்லை. கட்டடத்தின் உரிமையாளர் காலமாகிவிட, அவருடைய மகன் இப்போது 60,000 ரூபாய் கேட்கிறார். இரண்டு மாதமாக வாடகையை வாங்க மறுக்கிறார். பொங்கலுக்குள் காலி செய்யாவிட்டால் மின் இணைப்பைத் துண்டித்து ஷட்டரில் பூட்டுப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். "பதினான்கு வருடம் ஒரு மாதம்கூட வாடகை பாக்கி வைத்ததில்லை, என்னைக் காலி செய்ய முடியுமா?" என்பதே அவருடைய கேள்வி.

முதலில் நேரடியான விடை. பூட்டுப் போட்டு உங்களை வெளியேற்ற உரிமையாளரின் மகனுக்கு உரிமை கிடையாது. ஆனால் நீதிமன்றத்தின் வழியாக உங்களை வெளியேற்ற அவரிடம் வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. பாக்கி இல்லாமல் வாடகை கட்டி வந்தது மட்டுமே அந்தக் காரணத்தை முறியடித்துவிடாது. இந்த இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பேச்சுவார்த்தையில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், எந்த இடத்தில் உறுதியாக நிற்கலாம் என்பது உங்களுக்குத் தெளிவாகும்.

மதுரையிலும் சென்னையிலும் கோவையிலும் பல வியாபாரிகள் இன்னமும் 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். அந்தச் சட்டத்தில் வாடகைதாரருக்கு ஒரு கேடயம் இருந்தது. வேண்டுமென்றே வாடகை செலுத்தாமல் இருத்தல், அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் என்று வரையறுக்கப்பட்ட காரணங்கள் நிரூபிக்கப்பட்டால்தான் காலி செய்யும் உத்தரவு கிடைக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது அதில் ஒரு காரணமே அல்ல. வாடகை எவ்வளவு என்பதில் தகராறு வந்தால், கடைகளுக்கு நிலம் மற்றும் கட்டடத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்ற கணக்கில் நியாய வாடகை நிர்ணயிக்கப்பட்டது. வழக்கு மேல்முறையீடு, சீராய்வு என்று பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடுவதும் சாதாரணமாக இருந்தது.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் நீக்கப்பட்டது. புதிய சட்டத்தின் அஸ்திவாரம் எழுத்து ஒப்பந்தம். வாடகை எவ்வளவு, எத்தனை காலம், எப்போது உயர்த்துவது, யார் எதைப் பழுதுபார்ப்பது என எல்லாவற்றையும் இரு தரப்பும் எழுதிக் கையொப்பமிட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலரை மாவட்ட ஆட்சியர் வாடகை அதிகாரியாக நியமிக்கிறார். பழைய வாய்மொழி வாடகைகளும் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்து ஒப்பந்தமாக மாற வேண்டும் என்பது நான்காம் பிரிவின் ஏற்பாடு. அப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காலி செய்யக் கேட்பதற்கான காரணமாக 21-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. உங்கள் கட்டட உரிமையாளரின் மகனுக்கு நல்ல வழக்கறிஞர் கிடைத்தால் அவர் முதலில் எடுக்கப்போவது இந்த ஆயுதத்தைத்தான்.

பதினோரு மாதம் என்ற அந்த வழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் மூலமே உருவாக்க முடியும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே பதினோரு மாதம் என்று எழுதும் பழக்கம் ஊரெங்கும் வேரூன்றியது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை அதனால் வாடகைதாரருக்குப் பெரிய கேடு வரவில்லை, ஏனென்றால் காகிதம் காலாவதியானாலும் சட்டம் அவரைக் காத்தது. புதிய சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது, ஆனால் பழக்கம் மட்டும் அப்படியே தொடர்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்து அலமாரியும் விளக்கும் கண்ணாடியும் பொருத்திய கடைக்குக் கீழே பதினோரு மாதக் காகிதம் ஒன்றுதான் இருக்கிறது என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. இப்போது வாடகைக் காலம் எத்தனை மாதமாக இருந்தாலும் எழுத்தும் பதிவும் தேவை என்பதால், பதினோரு மாதம் என்று எழுதுவதில் யாருக்கும் எந்த ஆதாயமும் மிச்சமில்லை.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். இன்றைக்கே செய்ய வேண்டியது வாடகையைப் பற்றியது. அவர் வாங்க மறுக்கிறார் என்பதற்காக நீங்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இரண்டு மாத வாடகை பாக்கி, அதைக் கேட்டு உரிமையாளர் அனுப்பும் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் செலுத்தப்படாவிட்டால், அதுவும் காலி செய்யக் கேட்பதற்குத் தனிக் காரணமாகிவிடும். "அவர்தான் வாங்கவில்லை" என்பது வாயால் சொன்னால் நிற்காது. அதற்குத் தடயம் வேண்டும். அவருடைய வங்கிக் கணக்கு எண் உங்களிடம் இருந்தால் வழக்கமான தேதியிலேயே அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் காசோலையை ஒரு கடிதத்துடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அவர் அதை வாங்காமல் திருப்பிவிட்டால் உறையைப் பிரிக்கவே வேண்டாம். தபால்காரர் நீல மையில் "வாங்க மறுத்துவிட்டார்" என்று எழுதித் தேதி போட்ட உறை, பிரிக்கப்படாத நிலையில் நீதிமன்றத்துக்கு வரும்போது, அதற்கு எதிராக யாரும் அதிகம் பேச முடியாது. அப்படியும் மறுப்பு தொடர்ந்தால், வாடகையை வாடகை அதிகாரியிடம் செலுத்திவிட 14-ஆம் பிரிவு வழி செய்கிறது.

அதே பிரிவு உங்களுக்கு இன்னொரு வகையிலும் உதவும். உரிமையாளர் காலமான பிறகு பிள்ளைகள் இருவர், மூவர் இருந்து, "என்னிடம் கொடு", "என்னிடம் கொடு" என்று ஆளுக்கொரு பக்கம் கேட்கும் நிலை வரலாம். நல்லெண்ணத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பிறகு மற்றவரிடமிருந்து பாக்கி கேட்டு நோட்டீஸ் வாங்கியவர்கள் உண்டு. யாருக்கு உரிமை என்பதில் நியாயமான ஐயம் இருந்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்திவிடுவதே பாதுகாப்பு. வாரிசுச் சான்றிதழையும் கட்டடத்தின் வில்லங்கச் சான்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இப்போது 60,000 கேட்கும் மகன் ஒருவர் மட்டும்தான் உரிமையாளரா என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் அவரோடு மட்டும் போடும் புதிய ஒப்பந்தத்தை நாளை இன்னொரு வாரிசு வந்து எதிர்க்கக்கூடும்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. "என்னுடைய ஐந்து லட்சம் அவரிடம் இருக்கிறது, அதில் கழித்துக்கொள்ளட்டும்" என்று சொல்லி வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அட்வான்ஸ் என்பது காலி செய்யும் நாளில் திரும்பப் பெறும் பிணைத்தொகை. மாத வாடகையோடு அது தானாகக் கழிந்துவிடாது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்திருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை வாங்கக் கூடாது என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் கடைக்கு 84,000 ரூபாய்தான் வரும். நீங்கள் கொடுத்திருப்பதோ அதைப்போல ஆறு மடங்கு. கடை காலியாகி ஒரு மாதத்துக்குள், உரிய கழிவுகள் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. எனவே ஐந்து லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தீர்களா, காசோலையாகக் கொடுத்தீர்களா, எந்த ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது என்பதை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். முதல் ஒப்பந்தத்தில் ஐந்து லட்சம் என்று எழுதிவிட்டுப் பிந்தைய ஒப்பந்தங்களில் "முன்பு கொடுத்த அட்வான்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த முதல் ஒப்பந்தத்தின் அசல் மிக முக்கியமானது.

அடுத்து பூட்டும் மின்சாரமும். தண்ணீர், மின்சாரம், பொதுவழி விளக்கு போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்திவைக்கக் கூடாது என்பதற்குப் புதிய சட்டத்தின் 20-ஆம் பிரிவு இருக்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து, வசதியை மீட்டுத் தரும் உத்தரவைப் பெறலாம். மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பது இந்த உரிமையைக் குறைப்பதில்லை. மின் கட்டணத்தை நீங்கள் செலுத்திய ரசீதுகள் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஷட்டரில் பூட்டுப் போட்டு வெளியேற்றினால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து, சொத்தின் உரிமை யாருக்கு என்ற வாதத்துக்குள் போகாமலேயே அனுபவத்தை, அதாவது கடை உங்கள் கைவசம் இருக்கும் நிலையை, திரும்பப் பெற முடியும். அமைதியான அனுபவத்தில் இருப்பவரைச் சட்டத்தின் வழியாக அல்லாமல் வெளியேற்ற முடியாது என்பதை 1989-இல் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருக்கிறது. கட்டட உரிமையாளர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வெல்லக்கூடிய வழக்கை ஒரே ஒரு பூட்டினால் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் இன்று உங்கள் பக்கம் போதுமான அளவு சாய்ந்திருக்கிறது, பூட்டுக்குத் தேவையே இல்லை.

இப்போது பேச்சுவார்த்தை. இந்த வகைத் தகராறுகளில் தீர்ப்பைவிட சமரசமே கடைக்காரருக்கு அதிகப் பயன் தரும் என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழக்குகளை நடத்தியவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். காரணம் எளியது. வழக்கில் நீங்கள் அதிகபட்சம் பெறக்கூடியது காலம் மட்டுமே. ஒப்பந்தக் காலம் முடிந்தோ நோட்டீஸ் மூலமோ வாடகை உறவு முடிவுக்கு வந்த பின்னும் காலி செய்யாதவரிடமிருந்து வாடகையை மடங்குக் கணக்கில் இழப்பீடாகப் பெற உரிமையாளருக்கு 23-ஆம் பிரிவு உரிமை தருகிறது என்பதால், அந்தக் காலமும் இப்போது மலிவாகக் கிடைப்பதில்லை. பழைய சட்டத்தில் வழக்கை இழுத்தடிப்பது வாடகைதாரருக்கு லாபமாக இருந்தது. இப்போது இழுத்தடித்தால் நஷ்டம் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே அவர் நோட்டீஸ் அனுப்பும் முன்பே நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள். வாடகையை நியாயமாக உயர்த்தித் தர ஆயத்தமாக இருப்பதையும், எழுத்து ஒப்பந்தம் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள விரும்புவதையும், எவ்வளவு தொகை என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். தொகையை மனம்போனபடி எழுதாதீர்கள். அதே வீதியில், அதே அளவும் அதே முகப்பும் உள்ள மூன்று, நான்கு கடைகளின் தற்போதைய வாடகையைக் கேட்டு அறிந்து, சதுர அடிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, அதன் அடிப்படையில் எழுதுங்கள். அறுபதாயிரம் என்பது மிரட்டலுக்காகச் சொல்லப்பட்ட தொகையா, சந்தையில் உண்மையாகவே கிடைக்கும் தொகையா என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும். சந்தை வாடகை 50,000 ஆக இருக்கும்போது நீங்கள் 30,000-இல் நின்றால் பேச்சு நகராது. இந்தக் கடிதம் உங்களை முழுவதும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒப்பந்தம் செய்துகொள்ள மறுத்தவர் நீங்கள் அல்ல என்பதற்கு அது எழுத்துச் சான்று. காலி செய்ய அவகாசம் கேட்க நேர்ந்தாலும் அது உங்களுக்குத் துணை நிற்கும்.

இருவரும் நேரில் பேச முடியாத அளவுக்கு மனக்கசப்பு இருந்தால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுக்கலாம். அங்கே செலவு இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பதிவானால் அது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதற்கு மேல்முறையீடும் கிடையாது. வழக்கு தொடங்கிவிட்ட பிறகும் சமரசத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் தொடங்கப்பட்டது. இன்று மாவட்டங்களிலும் அத்தகைய மையங்கள் இயங்குகின்றன. பெரிய வணிக வளாகங்களில் கடை எடுத்தவர்களின் ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு" என்று ஒரு பிரிவு இருக்கும். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். வாடகைச் சட்டத்தின் தனி மன்றங்களுக்கு உரிய தகராறுகளை நடுவர் தீர்க்க முடியாது என்று வித்யா டிரோலியா வழக்கில் 2020 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நான் பார்த்த சமரசங்களில் நிலைத்து நின்றவை எல்லாம் வியாபாரத்தின் பருவத்தை மதித்து எழுதப்பட்டவை. ஒரு ஜவுளிக் கடை வழக்கில் உரிமையாளர் ஆடி மாதத்தில் காலி செய்யச் சொன்னார். கடைக்காரரோ தீபாவளிக்கான சரக்குக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தார். இருவரையும் உட்காரவைத்து, தை மாதம் முடியும் வரை கூடுதல் வாடகையோடு கடை நடக்கட்டும், அதன்பின் ஒரு நாள்கூட நீட்டிப்புக் கேட்பதில்லை என்று எழுதினோம். காலி செய்யும் நாளில் வழக்கறிஞர் அறையில் மேசையின் இந்தப் பக்கம் அட்வான்ஸ் தொகைக்கான வரைவோலை, அந்தப் பக்கம் மூன்று ஷட்டர் சாவிகள். இரண்டும் ஒரே நேரத்தில் கைமாறின. "சாவியைக் கொடுங்கள், பிறகு பார்த்து அட்வான்ஸ் தருகிறேன்" என்பதற்கும் "அட்வான்ஸ் வந்தால்தான் கிளம்புவேன்" என்பதற்கும் நடுவில் மாதக்கணக்காக நின்றுபோகும் தகராறுகளுக்கு இதைவிட நல்ல வழியை நான் இதுவரை காணவில்லை.

வியாபாரம் மந்தம், ஊரடங்கு, மேம்பாலப் பணிக்காக வீதியை அடைத்துவிட்டார்கள் என்ற காரணங்களால் வாடகையைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். பேச்சுவார்த்தையில் தாராளமாகக் கேட்கலாம். உரிமையாக மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். டில்லி கான் மார்க்கெட்டில் 1975-இல் மாதம் 300 ரூபாய்க்கு விடப்பட்ட ஒரு கடையின் வாடகைதாரர், மாதம் மூன்றரை லட்சம் ரூபாய் செலுத்தும் நிபந்தனையோடு, காலி செய்யும் உத்தரவுக்கு மேல்முறையீட்டில் தடை பெற்றிருந்தார். ஊரடங்கைக் காட்டி அந்தத் தொகையை நிறுத்திவைக்கக் கேட்டபோது, 2020 மே 21 அன்று டில்லி உயர் நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. இடம் அழிந்துபோனால் அல்லது நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் குத்தகையை முடித்துக்கொள்ளலாம், தற்காலிகமாகப் பயன்படுத்த முடியாமல் போனால் வாடகை நின்றுவிடாது என்பதே சட்டத்தின் நிலை. ஒப்பந்தத்திலேயே அதற்கென ஒரு பிரிவு எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. புதிய ஒப்பந்தம் எழுதும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

அதே ஒப்பந்தத்தில் ஜி.எஸ்.டி. பற்றியும் தெளிவாக எழுதுங்கள். கடை வாடகைக்கு 18 சதவீத வரி. உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராகவும் நீங்கள் பதிவு பெற்றவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியைச் செலுத்தும் பொறுப்பு உங்கள் மேல் விழுந்திருக்கிறது. இணக்கவரித் திட்டத்தில் (காம்போசிஷன் ஸ்கீம்) இருக்கும் சிறு வியாபாரிகளுக்கு மட்டும் 2025 ஜனவரியில் விலக்குக் கிடைத்தது. "வாடகை 50,000" என்று மட்டும் எழுதிவிட்டால், அது வரி உட்பட்டதா, வரி நீங்கலானதா என்பதே அடுத்த தகராறாகும்.

உங்கள் கட்டடம் தனியாருக்குச் சொந்தமானது என்று வைத்தே இவ்வளவும் எழுதினேன். கோயில் கடையாகவோ வக்பு சொத்தாகவோ இருந்தால் பாதை வேறு. கோயில் கடைகளின் வாடகை இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவின்கீழ் குழுவால் நிர்ணயிக்கப்படுகிறது. மறுப்பும் முறையீடும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே நடக்கும். மாநகராட்சிக் கடை என்றால் ஏல நிபந்தனைகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இறுதியாக, எல்லாம் கைகூடாமல் காலி செய்யத்தான் வேண்டும் என்று ஆனால், நீங்கள் பொருத்திய அலமாரி, குளிர்சாதனம், விளக்கு, பெயர்ப்பலகை ஆகியவற்றைக் கழற்றி எடுத்துச் செல்ல சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது, ஆனால் அந்த உரிமை கடை உங்கள் கையில் இருக்கும்வரை மட்டுமே. சாவியைக் கொடுத்துவிட்டு "அலமாரியை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லாதீர்கள். கழற்றிய இடத்தில் சுவரைப் பூசி, சாவி கொடுக்கும் நாள் காலையில் கடையின் நான்கு சுவர்களையும் தரையையும் கழிவறையையும் மின் மீட்டரின் அளவையும் தேதியோடு படம் எடுத்து, கடைசி மின் கட்டணத்தைக் கட்டிய ரசீதோடு சேர்த்து, கடையைப் பெற்றுக்கொண்டதாக அவரிடம் ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.